தூக்கத்தை வித்து எஸ்ஐபி போடாதீங்க



பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற சேனல்கள்ல ஒரு அறிவுரை ரொம்ப சகஜமா வருது. "ஆபீஸ் முடிஞ்சு வந்து நைட்டு ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா வேலை பாரு. வர்ற காசை எஸ்ஐபியில போடு. அஞ்சு மணி நேரத் தூக்கம் தாராளம்." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆடிட்டரா எனக்கு ஒண்ணு உறுத்துது. வரவு எழுதியாச்சு, செலவுப் பக்கம் எங்க?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இருபதுகள்ல, முப்பதுகள்ல தூக்கத்தைக் குறைச்சு சம்பாதிக்கிற காசு பெரும்பாலும் லாபம் இல்ல. அது தேய்மானத்தைக் கழிக்காம காட்டுற லாபம். மில்லுல மெஷின் ஓடுது, துணி வருது, காசு வருது. ஆனா தேய்மானம் எழுதாத பேலன்ஸ் ஷீட்ல எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். உடம்பு விஷயத்துல மட்டும் நாமளே கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுடறோம்.

ஒரு சின்னக் கணக்கு

இது கற்பனைக் கணக்குதான். உங்க நம்பரைப் போட்டு நீங்களே மாத்திக்கங்க.

திண்டுக்கல்லுல ஒரு கம்பெனியில 32,000 ரூபா சம்பளம் வாங்குற ஒருத்தர்னு வச்சுக்குவோம். வயசு 27. ராத்திரி 11 மணியில இருந்து 1 மணி வரைக்கும் வீட்டுல உக்காந்து வீடியோ எடிட்டிங் பண்றார். மாசம் 25 நாள், 50 மணி நேரம். கிடைக்கிறது 7,500 ரூபா. மணிக்கு 150 ரூபா வருது. பரவாயில்லையே!

இப்ப செலவு. ராத்திரி பசிச்சு ஆப்ல ஆர்டர் போடுறது மாசம் 12 தடவை, தடவைக்கு 180 ரூபா. அது 2,160. முழிச்சிருக்கக் குடிக்கிற டீ, எனர்ஜி ட்ரிங்க் 600. காலையில எந்திரிக்க முடியாம பஸ்ஸை விட்டுட்டு ஆட்டோ பிடிக்கிறது 600. பணம் கட்டிட்டுப் போகாத ஜிம் 1,200. மொத்தம் 4,560 ரூபா. மிச்சம் 2,940. அதை 50 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 59 ரூபா கூட முழுசா வரல. இந்த 7,500 ரூபாயும் வருமானம்தான், ரிட்டர்ன்ல காட்டியாகணும்ங்கறதையும் சேர்த்துக்கங்க.

இதுல உடம்போட தேய்மானத்தை நான் இன்னும் கழிக்கவே இல்ல. அதுக்கு வருவோம்.

பழி பிரியாணி மேல, குற்றவாளி வேற

நம்ம ஊர்ல 28 வயசுப் பையனுக்குத் தொப்பை விழுந்தா, "திண்டுக்கல்காரன்ல, பிரியாணி தின்னே வளர்ந்த தொப்பை"ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. சீரக சம்பாவுக்கும் அதுல பங்கு இருக்கலாம். ஆனா அந்தப் பிரியாணியை ராத்திரி 12 மணிக்கு ஏன் ஆர்டர் பண்ணத் தோணுச்சுன்னு யாரும் கேக்கறதில்ல.

1999-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல கரீன் ஷ்பீகல், ஈவ் வான் காட்டர் குழு ஒரு பரிசோதனை பண்ணாங்க. ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரிக்கு வெறும் 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்களை நல்லாத் தூங்கவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. தூக்கம் குறைஞ்ச நாட்கள்ல ரத்தத்துல ஏறுன சர்க்கரையை உடம்பு வெளியேத்துற வேகம் சுமார் 40 சதவீதம் குறைவு. எந்த வியாதியும் இல்லாத பசங்க. ஒரே வாரத்துல இந்த நிலைமை.

2004-ல அதே பல்கலைக்கழகத்துல இன்னொரு ஆய்வு. 12 இளைஞர்கள், ரெண்டு ராத்திரி நாலு நாலு மணி நேரத் தூக்கம். "வயிறு நிறைஞ்சிருச்சு, போதும்"னு மூளைக்குச் சொல்ற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் இறங்குச்சு. "பசிக்குது, கொண்டா"ன்னு சொல்ற கிரெலின் 28 சதவீதம் ஏறுச்சு. பசியும் கூடுச்சு. அதிலயும் ஆசை போனது கீரை மேல இல்ல, இனிப்பு, உப்பு, மாவுச்சத்து மேல.

அதனால ராத்திரி 12 மணிக்குப் பரோட்டா கேக்கறது உங்க மன உறுதியில இருக்கிற ஓட்டைன்னு நினைக்காதீங்க. தூக்கம் கெட்ட உடம்பு அப்படித்தான் கேக்கும்.

நம்பிக்கை இல்லைன்னா நீங்களே ஒரு ஆடிட் பண்ணுங்க. போன மாச யுபிஐ ஸ்டேட்மென்ட்டை எடுங்க. ராத்திரி 10 மணிக்கு மேல சாப்பாட்டுக்குப் போன தொகையை மட்டும் தனியாக் கூட்டுங்க. அது 2,500 ரூபான்னு வச்சுக்குவோம். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ச்சின்னு அனுமானிச்சா, மாசம் 2,500 ரூபா எஸ்ஐபி பத்து வருஷத்துல சுமார் 5.8 லட்சம். 12 சதவீதம் உத்தரவாதம் இல்லைங்கறது உங்களுக்கே தெரியும். ஆனா அந்தக் காசு போறது உத்தரவாதம்.

டயட்டுக்குக் கட்டுற காசும் பாதி வீண்

ஜனவரியில ஜிம், பிப்ரவரியில டயட் பிளான், மார்ச்ல புரோட்டீன் பவுடர். சம்பளக்காரங்க பட்ஜெட்ல இது இப்ப ஒரு தனி வரி. தூக்கத்தைச் சரி பண்ணாம இதுல காசு போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதை.

2010-ல வந்த ஒரு ஆய்வைப் பாருங்க. எடை அதிகமா இருந்த 10 பேர். அளவான சாப்பாடு, 14 நாள். ஒரு சுற்றுல படுக்கையில எட்டரை மணி நேரம், இன்னொரு சுற்றுல அதே மாதிரிக் கட்டுப்பாடான சாப்பாட்டோட அஞ்சரை மணி நேரம். ரெண்டு தடவையும் எடை ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 3 கிலோ குறைஞ்சது. ஆனா எட்டரை மணி நேரம் படுத்தப்ப கரைஞ்ச கொழுப்பு 1.4 கிலோ. அஞ்சரை மணி நேரத்துல 0.6 கிலோதான். மீதி எங்கிருந்து போச்சு? தசை உள்பட கொழுப்பு இல்லாத பகுதியில இருந்து.

எடை மெஷின்ல நம்பர் குறையும், நமக்கும் சந்தோஷமா இருக்கும். ஆனா நீங்க வித்தது பழைய இரும்பை இல்ல, ஓடிக்கிட்டிருந்த மெஷினை. தசைதானே சர்க்கரையை எரிக்கிற இடம்!

நம்ம ஊருக்கு ஏன் இது கூடுதல் ஆபத்து

சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்துன இண்டியாப் ஆய்வு 2023 ஜூன்ல வெளியாச்சு. இந்தியாவுல சர்க்கரை நோயோட இருக்கறவங்க 10.1 கோடி. அதுக்கு முந்தின கட்டத்துல இருக்கறவங்க 13.6 கோடி. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேர்ல ஒருத்தர். உங்க டீம் மீட்டிங்ல எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க.

இதுல இன்னொரு சிக்கல். நம்ம ஆளுங்களுக்குப் பெரிய எடை ஏறாமலேயே சர்க்கரை வரும். கை கால் ஒல்லியா இருக்கும், கொழுப்பு எல்லாம் வயித்துல போய் உக்காரும். அதனாலதான் உலக அளவுல பிஎம்ஐ 25-க்கு மேல போனா அதிக எடைன்னு சொல்றப்ப, இந்தியர்களுக்கு 23-லயே டாக்டர்கள் உஷாராகச் சொல்றாங்க. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினா கவனிக்கணும். "நான் ஒல்லிதானே"ங்கறது நம்மளுக்கு ஒரு பாதுகாப்பே இல்ல.

இப்ப இதை இன்சூரன்ஸ் பக்கம் கொண்டு வாங்க. நிறைய பேர் கம்பெனி குரூப் பாலிசியை நம்பி தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்காம இருக்கீங்க. 32 வயசுல ஹெச்பிஏ1சி 6.5-ஐத் தாண்டி, டாக்டர் சர்க்கரைன்னு உறுதி பண்ணிட்டார்னு வைங்க. அதுக்கப்புறம் தனிப் பாலிசிக்குப் போனா அது "ஏற்கெனவே இருக்கிற நோய்". அதுக்கான காத்திருப்புக் காலம் மூணு வருஷம் வரைக்கும் இருக்கலாம். 2024-ல ஐஆர்டிஏஐ விதியை மாத்துறதுக்கு முன்னாடி நாலு வருஷம் வரைக்கும் இருந்துச்சு. பிரீமியமும் ஏத்திக் கேப்பாங்க. நடுவுல வேலை மாறினா குரூப் கவர் போச்சு. நான் முன்னாடி சொன்ன தேய்மானம் இதுதான். மாசாமாசம் ஸ்டேட்மென்ட்ல வராது. ஒரு நாள் மொத்தமா வரும்.

"நல்லா தூங்கினா நல்லா சம்பாதிக்கலாம்": இதையும் நம்பாதீங்க

நான் சொல்ற பக்கத்துக்குச் சாதகமா மட்டும் ஆதாரம் காட்டினா அது ஆடிட் இல்ல, விளம்பரம். அதனால இதையும் சொல்லணும்.

தூக்கத்துக்கும் வருமானத்துக்கும் இருக்கிற உறவை ரொம்ப கவனமா அளந்த ஆய்வுகள்ல ஒண்ணு நம்ம சென்னையிலதான் நடந்துச்சு. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் நடத்துனது, 2021-ல வெளியாச்சு. குறைந்த வருமானம் உள்ள 452 பேர். டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, கையில தூக்கத்தை அளக்குற வாட்ச் கட்டிவிட்டாங்க. அவங்க படுக்கையில இருந்தது ராத்திரிக்கு 8 மணி நேரம். உண்மையாத் தூங்கினது அஞ்சரை மணி நேரம்தான்! வெக்கை, சத்தம், கொசு, இட நெருக்கடின்னு தூக்கம் துண்டு துண்டா உடைஞ்சிருந்துச்சு.

ஃபேன், மெத்தை, கண்ணை மறைக்கிற பட்டை, காதடைப்பான் எல்லாம் கொடுத்து, ஆலோசனையும் சொல்லி, சிலருக்குத் தூங்கினதுக்குக் காசும் கொடுத்ததுல ராத்திரித் தூக்கம் 27 நிமிஷம் கூடுச்சு. வேலைத்திறன்? கூடல. முடிவெடுக்கிற திறன், மனநிலை? அதிலயும் குறிப்பிடும்படியா மாற்றம் இல்ல. ஆனா வேலை இடத்துலயே மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டவங்களுக்கு வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டுச்சு. அதுக்கான நேரம் வேலை நேரத்துல கழிஞ்சதும் உண்மை.

இதுல இருந்து நான் எடுத்துக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, தூக்கத்தை "சம்பளம் கூட்டுற ரகசியம்"னு யாராவது கோர்ஸ் வித்தா வாங்காதீங்க. தூக்கம் உடம்பைக் காக்குற பராமரிப்புச் செலவு, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம். ரெண்டு, அந்த 27 நிமிஷம் கூடுனதே முக்கியமா படுக்கையில அதிக நேரம் ஒதுக்கினதால. பொருள் வாங்கிப் போட்டதால தூக்கத்தோட தரம் பெருசா மாறிடல. 40,000 ரூபா மெத்தையையும் தூக்கத்தை அளக்குற மோதிரத்தையும் இஎம்ஐயில எடுக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை யோசிங்க.

தேர்வு இல்லாதவங்களும் இருக்காங்க

வேடசந்தூர்ப் பக்கம் இருக்கிற நூற்பாலைகள்ல ராத்திரி ஷிஃப்ட் பார்க்கறவங்ககிட்ட போய் "எட்டு மணி நேரம் தூங்குங்க"ன்னு சொல்றது அநியாயம். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். சித்திரை வெயில்ல, ஷீட் போட்ட வீட்டுல, பகல் 11 மணிக்கு யாரால தூங்க முடியும்? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நம்பி வண்டி ஓட்டறவங்களும் அப்படித்தான். வீட்டுல இருந்தே அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற ஐடி பசங்களும் இதே படகுலதான். ராத்திரி ஷிஃப்ட் தொடர்ந்து பார்க்கறவங்களுக்குச் சர்க்கரை நோய் ஆபத்து கூடுதல்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது.

அவங்களுக்கு நான் சொல்றது, விலையைச் சரியாப் போடுங்கங்கறதுதான். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவுன்னு பார்க்கறப்ப, சர்க்கரை, பிரஷர் வராம இருக்கிறப்பவே தனி ஹெல்த் பாலிசி எடுக்கிற பிரீமியத்தையும், வருஷாந்திர ரத்தப் பரிசோதனையையும் அந்த அலவன்ஸ்ல இருந்து முதல்ல ஒதுக்குங்க. பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் கழிவோட 25,000 ரூபா வரம்புக்குள்ள தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபா வரை கழிவு இருக்கு. புதிய முறையில அது இல்ல. இருந்தாலும் பரிசோதனையை விட்டுடாதீங்க.

இந்த இடத்துல ஒரு விஷயம் ஞாபகம் வருது. 2023 ஏப்ரல் 21-ம் தேதி, தினசரி வேலை நேரத்தை 12 மணி வரைக்கும் நீட்டிக்க வழி செய்யுற தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்துல நிறைவேறுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் மூணே நாள்ல நிறுத்திவச்சாங்க. மே தினத்தன்னைக்குத் திரும்பப் பெறுறதா முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவிச்சார். தொழிற்சங்கங்கள் போராடி மறுத்த அந்த 12 மணி நேரத்தை, யாரும் கேக்காமலேயே நாம "சைடு இன்கம்"ங்கற பேர்ல நமக்கு நாமே போட்டுக்கிறோம். அதுவும் சட்டத்துல ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நமக்கு மணிக்கு 59 ரூபா!

ஞாயித்துக்கிழமை பஸ் கணக்கு

சென்னை, பெங்களூர்ல வேலை பார்த்துக்கிட்டு வாராவாரம் திண்டுக்கல் வந்து போறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. வெள்ளி ராத்திரி பஸ், ஞாயிறு ராத்திரி பஸ். ஏழு ராத்திரியில ரெண்டு நாலுவழிச் சாலையிலயே போயிடுது. திங்கக்கிழமை காலையில பஸ்ஸை விட்டு இறங்கி நேரா ஆபீஸ். "வார நாள்ல விட்டதை சனிக்கிழமை வீட்டுல தூங்கிப் பிடிச்சுடறேன்"னு சொல்வீங்க. 2019-ல கொலராடோ பல்கலைக்கழகத்துல இதையே சோதிச்சாங்க. வாரம் முழுக்கக் குறைவாத் தூங்கி வார இறுதியில ஈடுகட்டினவங்களுக்கும் இன்சுலின் வேலை செய்யுற திறன் குறைஞ்சுதான் இருந்துச்சு. எடையும் ஏறுச்சு.

அம்மா அப்பாவைப் பார்க்க வராதீங்கன்னு சொல்ல நான் யாரு? மாசம் நாலு தடவை வர்றதை ரெண்டாக்கி, அதுல ஒரு பயணத்தையாவது பகல்ல வச்சுக்கலாம். சென்னையில இருக்கறவங்களுக்கு வைகை எக்ஸ்பிரஸ் இருக்கு. மிச்சமாகுற ரெண்டு டிரிப் டிக்கெட் காசு எஸ்ஐபிக்குப் போகட்டும். தூக்கமும் மிச்சம், காசும் மிச்சம்.

சரி, என்ன பண்ணலாம்?

வாரத்துக்கு 168 மணி நேரம். எம்டிக்கும் அவ்வளவுதான், டிரெய்னிக்கும் அவ்வளவுதான். சம்பளம் வந்ததும் முதல்ல சேமிப்பு, அப்புறம்தான் செலவுன்னு நாம பேசுறோம்ல? அதே விதி இங்கயும். முதல்ல 50 மணி நேரத்தைத் தூக்கத்துக்கு ஒதுக்குங்க. நாளைக்கு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. மீதி 118-க்குள்ள வேலை, பயணம், குடும்பம், சைடு இன்கம் எல்லாம் அடங்கணும். அடங்கலைன்னா உங்ககிட்ட குறைவா இருக்கறது நேரம் இல்ல. வேலைக்கு நீங்க வாங்குற ரேட்தான் குறைவு. ராத்திரி இன்னும் ஒரு மணி நேரம் உக்காரறதை விட, ஸ்கில் ஏத்தி அப்ரைசல்ல பேசுறதோ வேலை மாறுறதோ நல்ல வழி.

இதனால பலன் இருக்குமான்னு கேக்கறவங்களுக்கு 2022-ல வந்த ஒரு ஆய்வு. 21-ல இருந்து 40 வயசுக்குள்ள, எடை அதிகமா இருந்த, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாத் தூங்கிப் பழகின 80 பேர். அதுல ஒரு பாதிப் பேருக்குத் தூக்கப் பழக்கத்தைப் பத்தி ஆலோசனை கொடுத்தாங்க. டயட் எதுவும் சொல்லல. அவங்க அவங்க வீட்டுலயே இருந்தாங்க. தூக்கம் 1.2 மணி நேரம் கூடுச்சு. சாப்பாட்டுல சராசரியா நாளைக்கு 270 கலோரி தானாக் குறைஞ்சது. ஏறக்குறைய ஒரு பரோட்டா. யாரும் "சாப்பிடாதே"ன்னு சொல்லாமலேயே!

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஏழெட்டு மணி நேரம் படுத்தும் காலையில அசதி, பலமான குறட்டை, மூச்சுத் திணறி முழிக்கிறது, பகல்ல வண்டி ஓட்டும்போதே கண் சொருகுறதுன்னு இருந்தா அது நேர நிர்வாகப் பிரச்சினை இல்ல. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற நோயா இருக்கலாம். என் மாதிரி ஆடிட்டர்கிட்ட கேக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.

மத்தவங்க ஒரு மாசம் மட்டும் முயற்சி பண்ணுங்க. சைடு வேலையைப் பாதியாக்கி, 11 மணிக்குள்ள படுங்க. மாசக் கடைசியில ராத்திரி 10 மணிக்கு மேல போன யுபிஐ செலவையும் இடுப்பளவையும் ஆரம்பத்துல இருந்ததோட ஒப்பிட்டுப் பாருங்க. இந்த ஒரு மாசம் எஸ்ஐபியில ஆயிரம் ரூபா குறைஞ்சா குறையட்டும். எஸ்ஐபியை அடுத்த வருஷம் ஏத்திக்கலாம், ஸ்டெப்-அப் வசதி இருக்கு. கணையத்துக்கு அந்த வசதி இல்ல.